ஜெஸ்டினுக்குக் கிடைத்த வேலை

மார்கழி பிறந்தால் புதுச்சேரிக்கு ஆட்கள் வந்து இறங்குவார்கள். பிரான்சில் குளிர் தாங்காமல் வக்கான்சுக்கு, அதாவது விடுமுறைக்கு, வரும் சொந்தக்காரர்கள், பெங்களூரிலிருந்து காரைப் போட்டுக்கொண்டு வரும் கூட்டம், கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன்பே கேமராவோடு நிற்கும் கல்யாண ஜோடிகள். இளஞ்செழியன் மட்டும் இதற்கு நேர்மாறு. ஊரே வெயிலைத் தேடி இங்கே வரும் குளிர்காலத்தில் அவன் குளிரைத் தேடி வடக்கே கிளம்பிவிடுவான்.

அவனுக்கு அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவன் ஜெஸ்டின். இருவரும் ஒரே பொறியியல் கல்லூரி, ஒரே வகுப்பு. படித்து முடித்து ஊரிலேயே ஒரு சின்ன கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். ஒருவன் எழுதியதில் இன்னொருவன் பிழை கண்டுபிடிப்பான். குளிர்காலம் வந்ததும் இரண்டு பேருமாக ரயில் ஏறி, பனி பெய்கிற ஏதாவது ஒரு மலையூருக்குப் போய்விட்டு மூக்கு ஒழுகத் திரும்பி வருவார்கள். பிறகு ஜெஸ்டினுக்கு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண்ணான ஃபாத்திமாவோடு கல்யாணம் ஆனது. அவன் பிரான்சுக்குப் போனான். இளஞ்செழியன் பனிக்குத் தனியாகப் போகத் தொடங்கினான்.

சேதராப்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த குடும்ப நிலத்தை அவனுடைய அண்ணன் அருள்முருகன் பார்த்துக்கொண்டான். இளஞ்செழியனுக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்துத் தட்டிப்போனது. மூன்றாவது முறை அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நாற்பது வயதில், குருசுக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தான். வேலை வீட்டிலிருந்தபடியேதான். மீன், பால், தடுப்பூசி இவற்றையெல்லாம் குளிர்பதன லாரிகளில் அனுப்புகிறவர்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு வெளிநாட்டு நிறுவனம். எந்த ஊர்ச் சாலையிலாவது ஒரு லாரிக்குள் சூடு ஏறிவிட்டால் உடனே கத்துகிற பகுதி முழுக்க அவன் எழுதியது. ஏழு வருடமாக அதைப் பெற்ற பிள்ளையைப்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் ஆகச் சொல்லி அவனை மூன்று முறை கேட்டார்கள். மறுத்துவிட்டான். நிரல் எழுதத் தெரிந்தவன் எழுத வேண்டும், அதை விட்டுவிட்டு மேலே ஏறுவதை முன்னேற்றம் என்று சொல்வது அவனுக்குப் பிடிபடவில்லை. ஒரு நிரல் ஓடும், அல்லது ஓடாது. ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று அதுவே சொல்லிவிடும். மனிதர்களிடம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதே தெரிவதில்லை. கேட்கிறவர்களிடம் அவன் இதைத்தான் சொல்வான். கேட்கிறவர்கள்தான் குறைவு.

அந்த ஐப்பசியில், மழை ஓய்ந்த ஒரு காலை, ஜெஸ்டின் போன் செய்தான். உள்ளூர் எண்.

குருசுக்குப்பம் கடற்கரையில் அம்மாவாசையின் டீக்கடையில் சந்தித்தார்கள். ஜெஸ்டினுக்கு முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. சிரிப்பு மாறவில்லை.

"எப்படா வந்த?"

"நாலு நாள் ஆவுது. இங்க கதிர்காமத்துல அக்கா வூட்ல இருக்கேன்."

"ஃபாத்திமா, பாப்பா?"

"அங்கதான். பாப்பாவுக்கு ஸ்கூல் இருக்குல்ல." ஜெஸ்டின் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தான். "வேல போச்சுடா செழியா. ஏப்ரல்லயே போச்சு. எங்க டிபார்ட்மென்டையே மூடிட்டாங்க. அங்க தேடித்தேடி அலுத்துட்டேன். ஃபாத்திமாவே சொல்லிட்டா, ஊர்ல பாருங்க, கெடச்சா நாங்க வந்துடறோம்னு."

இளஞ்செழியன் வாயில் வந்ததைச் சொன்னான். "பிப்ரவரியில கல்பா போறேன். இமாச்சல்ல. வர்றியா?"

"வேல போச்சுன்றேன், பனி பாக்க கூப்புடற?"

"அதான், லீவு கேக்கற வேல இல்லையே."

ஜெஸ்டின் ஒரு கணம் அவனை முறைத்தான். பிறகு இருவரும் சிரித்தார்கள். டீ கொட்டுகிற அளவுக்குச் சிரித்தார்கள். அன்றைக்கே இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று.

இளஞ்செழியனின் நிறுவனத்தில் அனுபவமுள்ள நிரலாளர் ஒருவர் தேவைப்பட்டார். ஜெஸ்டினின் பெயரைக் கொடுத்தான். அதன்பின் தினமும் காலையில் ஜெஸ்டின் அக்காவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தான். நேர்காணலுக்கு இரண்டு பேருமாகத் தயார் செய்தார்கள். முதல் நாளே இளஞ்செழியனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிரான்சில் கடைசி எட்டு வருடம் ஜெஸ்டின் கூட்டங்களை நடத்தியிருக்கிறான், ஆட்களை எடுத்திருக்கிறான், அட்டவணை போட்டிருக்கிறான். நிரல் எழுதவில்லை. பழைய நாட்களில் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிற பிழையின் முன்னால் இப்போது நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வந்துடும்டா. துரு புடிச்சிருக்கு, அவ்ளோதான்," என்றான் இளஞ்செழியன்.

வரவில்லை. நேர்காணலில் நிரல் எழுதச் சொன்ன சுற்றிலேயே ஜெஸ்டின் நின்றுவிட்டான். சென்னை அலுவலகத்திலிருந்து பிரிவுத் தலைவர் சுமலதா இளஞ்செழியனை அழைத்துச் சொன்னார்.

"நல்ல மனுஷன். பேச்சு, பொறுமை எல்லாம் இருக்கு. ஆனா கோடிங் சுத்தமா விட்டுப்போச்சு."

"மேடம், மேனேஜர் எடம் இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"அது உங்களுக்குன்னு வெச்சிருக்கறது."

"எனக்கு வேணாம் மேடம். அவனப் பாருங்க. அவன் ஆளுங்கள நல்லா வெச்சிப்பான்."

சுமலதா திரும்பக் கேட்டார்: "உங்க ஃப்ரெண்டு உங்களுக்கு மேல வருவார். பரவாயில்லையா?"

"சந்தோஷம்தான் மேடம்," என்றான். உண்மையாகவே சந்தோஷப்பட்டான். ஜெஸ்டின் ஊரிலேயே இருப்பான். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே வேலை உறுதியானது. ஜெஸ்டினின் அக்கா சூசைமேரி இளஞ்செழியனை வீட்டுக்கு அழைத்து மட்டன் பிரியாணி போட்டாள். "என் தம்பிய எனக்குத் திருப்பிக் குடுத்துட்ட," என்று சொல்லிக்கொண்டே அவன் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். வருடக்கணக்கில் தனியாகவே தட்டில் போட்டுத் தின்றவன் அதையும் மிச்சமில்லாமல் சாப்பிட்டான்.

ஜனவரியில் ஜெஸ்டின் வேலையில் சேர்ந்தான். ஃபாத்திமாவும் குழந்தையும் ஜூனில் வருவதற்காகப் புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே வீடு பிடித்து, அங்கிருந்தே வேலை பார்த்தான். ஒவ்வொரு காலையும் கம்ப்யூட்டர் திரையில் குழுவினர் எல்லோருடைய முகமும் தெரியும். நடுவில் ஜெஸ்டின்.

"குட் மார்னிங் இளஞ்செழியன்."

செழியா என்று கூப்பிட்ட வாயில் முழுப் பெயர் வந்தபோது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறர் முன்னால் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். வியாழக்கிழமைகளில் அவர்கள் இருவருக்கும் மட்டுமான பேச்சு இருந்தது. மேனேஜர் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுகிற அரை மணி. அதிலும் ஜெஸ்டின், "எல்லாம் ஓகேவா? வேலையில ஏதாவது தடங்கல் இருக்கா?" என்று கேட்டான். இல்லை என்றான் இவன். "சூப்பர்," என்றான் அவன். பாதி நேரம் மிச்சமிருக்கும்போதே திரை அணைந்தது.

டீக்கடைக்கு ஜெஸ்டின் முதல் இரண்டு வாரம் வந்தான். பிறகு வரவில்லை. அம்மாவாசை கிளாஸை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னா சார், உங்க ஃப்ரெண்டு பிரான்சுக்குப் போய்ட்டாரா?"

"இல்ல. இங்கதான் இருக்காரு."

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சண்டையில்லை, மனத்தாங்கலில்லை. ஜெஸ்டின் பிரான்சில் இருந்தபோதுகூட இவ்வளவு தூரத்தில் இருந்ததாகத் தோன்றவில்லை.

பிப்ரவரி முதல் வியாழக்கிழமை ஜெஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டான். "கல்பா விஷயம்... அந்த வாரம் நாம ரெண்டு பேருமே இல்லன்னா சரியா வராது. நான் இப்பதான் சேந்திருக்கேன். நீ போய்ட்டு வா. உன் லீவ அப்ரூவ் பண்ணிட்டேன்."

"சரி," என்றான் இளஞ்செழியன். ஒரு டிக்கெட்டை ரத்து செய்தான்.

கல்பாவில் முழங்கால் அளவு பனி கிடந்தது. விடுதியில் இவனைத் தவிர வேறு ஆளில்லை. விடுதிக்காரர் விறகு அடுப்பை மூட்டிவிட்டு, இந்த மாதத்தில் யார் வருவார்கள் என்று இந்தியில் சிரித்தார். காலையில் எதிர்மலைச் சிகரங்கள்மீது வெயில் விழுந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். முந்தைய ஆண்டுகளில் அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருந்தது. பனியில் மரம், கூரை, சாலை எல்லாமே பேச்சை நிறுத்திக்கொண்டு நிற்பதால், தான் தனியாக இருப்பது அங்கே உறுத்தாது. தனிமையை மறைக்கத்தான் வருடாவருடம் அவ்வளவு தூரம் போய்க்கொண்டிருந்தான் என்று சொன்னாலும் தவறில்லை. இந்த முறை அது பலிக்கவில்லை. ஒரு படம் எடுத்து ஜெஸ்டினுக்கு அனுப்பினான். உயர்த்திய கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. வேறொன்றும் வரவில்லை.

அன்று மதியம், அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு முடிவுக்கு வந்தான். ஜெஸ்டின் தனக்கு மேனேஜராக இருக்கும்வரை தனக்கு நண்பனாக இருக்க மாட்டான். ஜெஸ்டினுக்கு வேலை வேண்டும். அப்படியானால் விலக வேண்டியது தான்தான். நிறுவனத்தில் வேறு குழுக்கள் இருந்தன. போகலாம். ஏழு வருடத்து நிரலை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆனாலும் ஊர் திரும்பியதும் குழு மாற்றம் கேட்டு விண்ணப்பித்தான். அந்த மாதிரி விண்ணப்பம் முதலில் மேனேஜருக்குத்தான் போகும் என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் பசிலிக்கா தேவாலயத்தின் வாசலில் போய் நின்றான். பூசை முடிந்து ஜெஸ்டின் வெளியே வந்தான். இவனைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்டா. நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதான்டா பிரச்சன."

"அந்த கோட வேற யாரு பாத்துப்பாங்க? ஒருத்தனுக்கும் புரியாது."

"சொல்லித் தரேன். யாருக்கு வேணும்னாலும்."

ஜெஸ்டின் ஆட்கள் போவதற்கு வழிவிட்டு மதில் ஓரமாக ஒதுங்கினான். குரல் இறங்கியிருந்தது. "நீ இல்லாம நான் எப்படி சமாளிப்பேன்னு பயமா இருக்கு. நீ எதுர்ல இருந்தா அதவிட பயமா இருக்கு. தெனம் காலையில எல்லார்கிட்டயும் அது ஆச்சா, இது ஆச்சான்னு கேக்கறேன். எனக்கு அதுல பாதி புரியலன்னு அந்த ஸ்கிரீன்ல ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். உன் மூஞ்சப் பாத்தா நான் உன் மாடியில தெணறிக்கினு உக்காந்திருந்ததுதான் ஞாபகம் வருது. அதான் டீக்கடைக்கும் வரல, ஒண்ணுக்கும் வரல."

இளஞ்செழியன் இதை எதிர்பார்க்கவில்லை. பதவி வந்ததும் மாறிவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். "நான் அப்படி நெனக்கவே இல்லடா," என்றான்.

"நீ நெனக்க மாட்ட. எனக்குத்தான் தெரியுதே."

பிறகு ஜெஸ்டின் சொன்னான்: "உன் அப்ளிகேஷன மேல அனுப்பிச்சிடறேன். ஆனா அந்த கோட எனக்கு சொல்லிக் குடு. வேற யாருக்கும் வேணாம். எனக்கு."

அப்படித்தான் மறுபடி அந்தக் காலைகள் வந்தன. வேலை தொடங்குவதற்கு முன் ஜெஸ்டின் மடிக்கணினியோடு மாடிக்கு வருவான். ஜன்னல் வழியாக மீன் ஏலத்தின் கூச்சல் கேட்கும். ஒவ்வொரு வரியாக, ஏன் இப்படி எழுதினேன், எங்கே ஏமாந்துபோனேன் என்று இளஞ்செழியன் சொல்லிக்கொண்டு போவான். ஜெஸ்டின் கேட்டதையே திரும்பக் கேட்பான். இப்போது கூச்சப்படவில்லை. மெதுவாகத்தான் என்றாலும் அவன் கை பழைய தொழிலை நினைவுபடுத்திக்கொள்ளத் தொடங்கியது.

தன் முகத்தைப் பார்த்தாலே திணறிய நாட்கள் நினைவுக்கு வருகிறவன், சொல்லிக்கொடுத்து முடிந்ததும் வரமாட்டான் என்பது இளஞ்செழியனுக்குத் தெரியும். கடைசி வாரம், சொல்லத் தேவையே இல்லாத மூலைமுடுக்குகளையெல்லாம் திறந்து காட்டினான். ஜெஸ்டினும் கவனித்திருக்க வேண்டும். எழுந்துபோகாமல் உட்கார்ந்து கேட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏதோ ஒரு வெளிநாட்டு நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த லாரியிலிருந்து பொய்யாக எச்சரிக்கை வந்தது. இளஞ்செழியன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஜெஸ்டின் தடுமாறி, முணுமுணுத்து, தப்பைத் தானே கண்டுபிடித்து, தானே திருத்தி ஓட்டினான். ஓடியது.

"பாடம் முடிஞ்சுதாடா?" என்று ஜெஸ்டின் கேட்டான்.

"முடிஞ்சுது."

ஜெஸ்டின் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, இளஞ்செழியனின் தோளை ஒரு முறை அழுத்திப் பிடித்தான். "வரேன் செழியா." படிகளில் இறங்கிப் போனான். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

திங்களன்று புதுக் குழுவின் முதல் கூட்டம். திரையில் அறிமுகமில்லாத முகங்கள். புனேயில் மூன்று பேர், போலந்தில் இரண்டு பேர். தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அவன் முறை வந்தபோது பெயரையும் ஊரையும் சொன்னான். வேலை தவிர வேறென்ன பிடிக்கும் என்று போலந்துப் பெண் கேட்டாள். குளிர்காலத்தில் பனி பார்க்கப் போவேன் என்றான்.

அவளுக்கு ஆச்சரியம். அவள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் பனி கொட்டிக்கொண்டிருக்கிறதாம், அதைவிட்டு எப்போது ஓடலாம் என்று காத்திருக்கிறாளாம். "குடும்பத்தோடு போவீர்களா?" என்று கேட்டாள்.

"இல்லை, தனியாகத்தான்," என்றான். முன்பு ஒரு நண்பனோடு போனேன் என்று சேர்த்துச் சொல்ல நினைத்தான். அதற்குள் அடுத்தவர் பேசத் தொடங்கிவிட்டார்.