அந்தோனியாருக்கு மீசை

றொஷினி அந்தோனியாருக்கு மீசை வரைந்திருந்தாள். கோட்டுப் போட்டு, சிவப்பு டை கட்டி, கையில் குழந்தை இயேசுவுக்குப் பதிலாக ஒரு மைக்கும் கொடுத்திருந்தாள். பார்க் எக்ஸ்டென்ஷன் கோயிலின் நிலவறையில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஜொய்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. சுவரில் தொங்கும் திருவிழாப் பதாகையில் கோயில் ஒன்றியத் தலைவர் அருமைராசா மீசையும் மைக்குமாக ஆளுயரத்துக்கு நிற்கிறார். அந்தோனியார் மூலையில் முத்திரை அளவில் இருக்கிறார். யார் புனிதர் என்று பிள்ளை தன் கண்ணை நம்பி முடிவு கட்டிவிட்டாள்.

பதினாறு வருடமாக அவர்தான் தலைவர். ஒன்றிய நாட்காட்டியின் பன்னிரண்டு மாதத்திலும் அவர்தான். "ராசா அண்ணை இல்லாட்டி ஒண்டும் நடவாது" என்பது கோயிலில் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தை. போன வருடம் மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று மூன்று மாதம் ரொறன்ரோவில் போய் இருந்தார். அந்த முறைதான் திருவிழா நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிந்தது, சோறும் எல்லாருக்கும் போதுமாக இருந்தது. அங்கே இருந்துகொண்டே எப்படி நடத்திவிட்டார் பாருங்கள் என்று சனம் வியந்தது. ஜொய்சியும் வியந்தாள். சிறப்பு மலரில் அவரை 'வழிகாட்டும் விளக்கு' என்று எழுதியவளே அவள்தான். இப்போது அதை நினைத்தால் காது சுடுகிறது.

ஏனென்றால் விளக்கு வகுப்பறைக்குள் வரப் பார்க்கிறது. பொன்னாடைகளும் கேடயங்களும் வீட்டில் கொள்ளவில்லையாம். பிள்ளைகள் படிக்கிற அந்த ஒற்றை அறையைத் தன் சேவைக் காட்சியறையாக மாற்றப்போகிறார். பதினான்கு பிள்ளைகளும் இனிப் படிக்கட்டுக்குக் கீழே, கதவு திறக்கும்போதெல்லாம் ஜனவரிக் குளிர் வந்து விழுகிற இடத்தில் இருந்து படிக்க வேண்டும். பாதிப் பேர் வரமாட்டார்கள், வகுப்பும் அதோடு சரி. ஐந்து வருடம் பாடுபட்டு வளர்த்த வகுப்பு. அவளுக்கு அழுகையாகவே வந்தது.

இதை முடிவெடுக்க ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒன்றியக் கூட்டம். வாக்கெடுப்பு என்றால் அங்கே ஒரே முறைதான். "எதிர்க்கிற ஆக்கள் எழும்பி நில்லுங்கோ" என்பார் தலைவர். ஒருவரும் எழும்பமாட்டார்கள். செயலாளர் றெக்ஸ் கைதட்டத் தொடங்குவார், மண்டபம் தொடரும், ஏகமனதாக என்று எழுதப்படும். அதற்கு முதல்நாள் ஜொய்சி உறுப்பினர்கள் சிலரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எழும்பி நிற்பீர்களா என்று கேட்டுப் பார்த்தாள். "எனக்கும் விருப்பமில்லைப் பிள்ளை, ஆனா சனம் முழுக்க அவற்ற பக்கம்" என்றார் பேனாட் அண்ணை. அடுத்த ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள். அப்படியானால் அந்தச் சனம் யார் என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

தொடக்கச் செபம் அன்று அவள் முறை. "எல்லாரும் கண்ணை மூடுங்கோ" என்றார் அருமைராசா. பக்தியில் குறை வைக்காதவர், தானே முதலில் மூடினார். ஐம்பது அறுபது பேரும் மூடினார்கள். ஜொய்சி அந்த முகங்களைப் பார்த்தாள். வார நாட்களில் அவள் வேலை செய்யும் கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில், சுவரில் கிறுக்கியது யார் என்று கேட்டால் ஒரு சின்னனும் வாய் திறக்காது. கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கேட்டால் கை தானாக உயரும். அவள் திட்டமிட்டு வந்தவளில்லை.

"அந்தோனியாரே, எங்கட பிள்ளையளின்ர வகுப்பறை உம்மட கையில. அது பிள்ளையளுக்கே இருக்கவேணும் எண்டு நினைக்கிற ஆக்கள், கண்ணைத் திறவாமல், உமக்கு மட்டும் தெரிய கையை உயர்த்தட்டும்."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பேனாட் அண்ணையின் கை மெல்ல எழும்பியது. பிறகு பின்வரிசை. பிறகு எண்ண முடியவில்லை. தலைவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி யோசெப்பின், சத்தம் கேட்காதபடி வளையல்களை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தினார்.

ஜொய்சிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக முட்டின. இப்படியே செபத்தை முடித்தால் கைகள் இறங்கிவிடும், இதைக் கண்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"கையை இறக்காமல், கண்ணை மட்டும் திறவுங்கோ. ஆமென்."

"ஆமென்" என்று சொல்லிக் கண் திறந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அருமைராசா மனைவியின் கையை அண்ணாந்து பார்த்தார். யோசெப்பின் அதை இறக்கவில்லை. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் எல்லாரும் றெக்ஸைப் பார்த்தார்கள். அவருடைய வலது கை இன்னும் மேலேயே நின்றது. இடது கை மட்டும் மடியிலிருந்து எழும்பி, தட்டுவதற்கு மற்றக் கை இல்லாமல் காற்றில் தயங்கிக்கொண்டிருந்தது.