காகிதத்தில் பதினாலு

ஆல் இன்க்ளூசிவ் என்ற வார்த்தையை எங்கள் வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவள் நான்தான். அதனால் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று என் கணவர் ஹிஷாம் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும். ஒரே தடவை பணம் கட்டிவிட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிக்கொண்டு, மூன்று நாள் யாரும் யாரிடமும் "இது எவ்வளவு" என்று கேட்காமல் வாழ வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவது குற்றமா?

நான் நக்லா. எகிப்தில் தன்தா நகரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை என்னுடையது. என் மகள் ஜூதிக்கு அப்போது பதினாறு வயது. அடுத்த ஜூலையில் அவளுக்குப் பொதுத்தேர்வு டியூஷன் தொடங்கிவிடும். அந்தத் தேர்வு இருக்கிற வீட்டில் ஒரு வருஷத்துக்கு டிவி ஓடாது, விருந்தாளி எட்டிப் பார்க்கமாட்டார், யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டோம். அதன் பிறகு அவள் எந்த ஊர்க் கல்லூரிக்குப் போவாளோ! அதற்குமுன் நாலு பேரும் ஒரே அறையில், ஒரே கடலில், மூன்று நாள் இருந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆகஸ்ட்டில் கேட்ட விலைகள் எங்களுக்கு எட்டவில்லை. என் சீட்டு செப்டம்பரில்தான் விழுந்தது. எனவே அக்டோபர் ஆறு தேசிய விடுமுறையைப் பிடித்துக்கொண்டேன்.

நாளைக் குறித்தது சுலபம், ஹோட்டலைத் தேர்ந்தெடுத்ததுதான் போர்.

"வைஃபை கடற்கரை வரைக்கும் வரணும். அறையில மட்டும் வந்தா நான் அறையிலயேதான் இருப்பேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் ஜூதி.

"இருபத்துநாலு மணி நேரமும் பர்கர் இருக்கா?" என்றான் அத்ஹம், போனிலிருந்து தலையை எடுக்காமல். அவன் என் இளையவன். சாப்பாட்டைத் தவிர வேறெதற்கும் எங்களோடு பேசுவதை அந்த வருஷம் அவன் நிறுத்தியிருந்தான். தெருவில் எனக்குப் பத்தடி பின்னால்தான் நடப்பான்.

"பர்கர் கெடக்கட்டும். இந்த ஹோட்டலைப் பத்தி ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு. மூணு நாளும் தர்பூசணி தாராளம், இறைச்சியைக் காண பூதக்கண்ணாடி வேணுமாம்" என்றார் ஹிஷாம்.

"அந்த ஆள் எல்லா ஹோட்டலுக்கும் அதையேதான் எழுதறான். போன ஹோட்டல்ல தர்பூசணியும் இல்லைன்னு அழுதிருந்தான்" என்றேன்.

எனக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. உடம்பு முழுக்க மூடுகிற நீச்சல் உடையோடு நானும் ஜூதியும் குளத்தில் இறங்கினால் எவனும் விசில் ஊதி வெளியே போகச் சொல்லக் கூடாது. இதை ஒவ்வொரு ஹோட்டலுக்கும் போன் போட்டுக் கேட்டேன். மூன்று ஹோட்டல்கள் அங்கேயே விழுந்தன. வைஃபையில் இரண்டு போயின. சறுக்குமரம் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று ஜூதி உதட்டைப் பிதுக்கியதில் இன்னொன்று போயிற்று. விலையைக் கேட்டு ஹிஷாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதில் நாலு ஒரேயடியாகப் போயின.

கடைசியில் செங்கடலோரம் ஹுர்கதாவில் ஒன்று மிஞ்சியது. எல்லாம் இருந்தது. விலையும் அழகு. இரண்டு பெரியவர்களுக்கு முழு விலை, மூன்றாவது ஆளுக்குப் பாதி, பதினாலு முடியாத பிள்ளை ஒன்று இலவசம்.

"பையனுக்கு என்ன வயசு மேடம்?" என்று போனில் கேட்டார்கள்.

"பதிமூணு. ஒன்பதாம் தேதிதான் பதினாலு முடியுது. நாங்க ஏழாம் தேதியே கெளம்பிடுவோம்" என்றேன். இரண்டு நாள் இடைவெளியில் ஒரு ஆள் செலவை மிச்சம் பிடித்த பெருமையில் அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கூடுதலாக ஒரு கோழியைப் பொரித்தேன்.

நாலாம் தேதி விடியலில் எங்கள் பழைய காரில் கிளம்பினோம். வழியெல்லாம் ஜூதி பாட்டுப் போட்டாள், ஹிஷாம் அதைவிடச் சத்தமாகத் தப்பாகப் பாடினார். மத்தியானம் இரண்டரைக்கு ஹோட்டல் வாசலில் இறங்கியபோது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீலமாகக் கடல் தெரிந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டினேன். அத்ஹம் உடனே என்னைத் தெரியாதவன்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

வரவேற்பு மேஜையில் பிஷோய் என்று பெயர் குத்தியிருந்த இளைஞன். "வாங்க இன்ஜினியர் சார்" என்று ஹிஷாமை வரவேற்றான். என் கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். ஆனால் இஸ்திரி போட்ட சட்டை அணிந்த ஆண்கள் எல்லோரும் எங்கள் நாட்டில் இன்ஜினியர்கள்தான். அவரும் மறுக்கவில்லை, முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

பிஷோய் அடையாள அட்டைகளை வாங்கினான். அத்ஹமின் பிறப்புச் சான்றிதழை வாங்கினான். படித்தான். நிமிர்ந்து அத்ஹமைப் பார்த்தான். என்னைவிட நாலு விரல் உயரம், மேலுதட்டில் பூனைமுடி. மறுபடி காகிதத்தைப் பார்த்தான்.

"மேடம், பையனுக்குப் போன வாரமே பதினாலு முடிஞ்சிருச்சே. செப்டம்பர் இருபத்தெட்டு."

அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய கதை ஞாபகம் வந்தது.

பெற்றவள் பிள்ளையின் வயதை வலி எடுத்த நாளிலிருந்துதான் எண்ணுவாள். அத்ஹம் பிறந்தது அக்டோபர் ஒன்பது. ஆனால் எங்கள் பள்ளிகளில் அக்டோபர் ஒன்றாம் தேதிக்குள் ஆறு வயது முடிந்தால்தான் அந்த வருஷம் முதல் வகுப்பு. எட்டே நாளுக்காகப் பிள்ளை ஒரு முழு வருஷம் வீட்டில் உட்கார வேண்டுமா என்று பிரசவப் படுக்கையிலேயே நான் ஹிஷாமைப் பிடுங்கியெடுத்தேன். அவர் குமாஸ்தாவுக்கு ஒரு தட்டு பஸ்பூசா இனிப்பு வாங்கிக்கொண்டு பிறப்பைப் பதியப் போனார். பிள்ளை காகிதத்தில் பதினோரு நாள் முன்பே பிறந்துவிட்டான். அதன் பயனாக ஒவ்வொரு வகுப்பிலும் அவன்தான் வயதில் ஆகச் சிறியவன், ஓட்டப்பந்தயத்தில் கடைசி, கால்பந்தில் ஒப்புக்குச் சப்பாணி. இதெல்லாம் போனில் ஹோட்டலோடு பேசியபோது எனக்கு நினைவில் துளியும் இல்லை.

"பெரியவங்க விலை கட்டணும் மேடம். பன்னிரண்டாயிரம் பவுண்டு. இல்லைன்னா ரத்து பண்ணிடலாம், முதல் நாள் பணம் மட்டும் பிடிச்சுக்குவோம்."

எங்களிடம் இருந்தது திரும்பிப்போக பெட்ரோல் காசும் கொஞ்சம் சில்லறையும். ஜூதி கையிலிருந்த நீச்சல் கண்ணாடியை மெதுவாகப் பைக்குள் திரும்ப வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமெல்லாம் பறந்துபோயிற்று.

"தம்பி, அந்தத் தேதி பொய். நாங்க சொன்ன பொய். இவன் நெஜமா பொறந்தது ஒன்பதாம் தேதி. பள்ளிக்கூடத்துக்காக முன்னாடி போட்டோம்."

"மேடம், தினம் நாலு பேர் வயசைக் குறைச்சுச் சொல்றாங்க. நீங்கதான் அரசாங்கக் காகிதமே பொய்னு சொல்றீங்க."

"வாழ்க்கையில முதல் தடவையா என் பொண்டாட்டி ஒரு கவுன்ட்டர்ல உண்மையைச் சொல்றா, அதையும் நம்பமாட்டேங்கிறீங்களே!" என்றார் ஹிஷாம்.

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அஸ்யூத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தோளுரசி நின்றது. அந்த வீட்டு அம்மாள் தலையை நீட்டினாள். "பொய்யில்ல தம்பி. என் மூத்தவனும் செப்டம்பர் முப்பதுதான். நெஜத்துல அவன் பொறந்தப்போ குளிர் ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆயிருந்துது."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு" என்றது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு ஆண் குரல்.

பிஷோய் சிரிப்பை அடக்கிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தான். "எனக்கும்தான் செப்டம்பர் முப்பது. எங்கம்மா அக்டோபர் பதினஞ்சுக்குத்தான் இன்னமும் கேக் வைப்பாங்க. நான் நம்பறேன் மேடம். மேலாளர் கேட்டா நான் எதைக் காட்டுவேன்? ஏதாவது ஒரு அத்தாட்சி குடுங்க."

அத்தாட்சிக்கு எங்கே போவது? தடுப்பூசி அட்டையிலும் அதே பொய். பிரசவப் படங்கள் இருந்த அந்தக் காலத்துப் போன் எப்போதோ தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. ஹிஷாம் கார் சாவியைத் திரும்ப வெளியே எடுத்தார். வெயிலில் எட்டு மணி நேரம் திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தேன்.

"எங்கிட்ட இருக்கு" என்றான் அத்ஹம்.

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. அஸ்யூத் குடும்பத்தில் அவன் வயதில், இரட்டைச் சடையோடு ஒரு பெண் இருந்தாள். உள்ளே நுழைந்ததிலிருந்து அவளுக்காகத்தான் அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தான் என்பதைக் கவனிக்காமல் இருக்க நான் என்ன குருடியா? அவன் அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்தான். ஜூதியைப் பார்த்தான். பிறகு போனை மேஜைமேல் வைத்து, ஒரு வீடியோவை அழுத்தினான்.

அவனுடைய ஏழாம் நாள் சடங்கு! தரையில் சல்லடை, சல்லடைக்குள் ஒட்டுத்துணி இல்லாமல் என் பிள்ளை. சுற்றிலும் மெழுகுவர்த்திகள். ஹிஷாமின் அக்கா சோஹைர் பித்தளை உரலை அவன் காதோரம் டங் டங் என்று இடிக்கிறாள். பெற்றவள் பிள்ளையை ஏழு தடவை தாண்டுவது வழக்கம், நான் அவனைத் தாண்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்று, இரண்டு. மூலையில் மஞ்சள் எழுத்தில் அக்டோபர் பதினைந்து.

"உங்கம்மா பேச்சைக் கேளு! உங்கப்பன் பேச்சைக் கேக்காதே!" என்று சோஹைர் கத்துகிறாள். எல்லாச் சல்லடைப் பிள்ளைகளும் கேட்கிற பாடம்தான். வரிசையிலிருந்த பெண்கள் முகம் மலர எட்டிப் பார்த்தார்கள்.

"தேதி சரிதான்" என்று பிஷோய் தயங்கினான். "ஆனா சிலர் சடங்கைத் தள்ளி வைப்பாங்களே..."

அவன் முடிப்பதற்குள் வீடியோவில் சோஹைர் உரலை இன்னும் ஓங்கி இடித்தாள். "அத்ஹம், காது குடுத்துக் கேளு! நீ பொறந்தது செப்டம்பர் இருபத்தெட்டு! ஒன்பதாம் தேதின்னு வாத்தியார்கிட்ட உளறிடாதே! யார் கேட்டாலும் இருபத்தெட்டு!" வீடியோவில் வீடே அதிரச் சிரிக்கிறது. சல்லடையில் கிடந்தவன் அந்தச் சமயம் பார்த்து, பதிலாக, மேல்நோக்கி ஒரு நீரூற்று விட்டான். அது நேராகச் சோஹைரின் முகத்தில் போய் விழுந்தது.

வரவேற்பறை வெடித்தது. அஸ்யூத் அம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். வரிசையில் இருந்த இன்னும் மூன்று பெண்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். கல்யாண வீடுபோல ஆகிவிட்டது. இரட்டைச் சடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அத்ஹம் கூரையைப் பார்த்தபடி, தூக்குமேடையில் காத்திருப்பவன்போல நின்றான். ஆனால் போனை எடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டே பிஷோய் கணினியில் குறிப்புக்கான பெட்டியில் ஏதோ தட்டினான். "மேலாளர் கேட்டா இந்த அத்தையோட சாட்சியைச் சொல்லிக்கறேன்" என்று சொல்லி, மூன்று நீலப் பட்டைகளையும், பிள்ளைகளுக்கான பச்சைப் பட்டை ஒன்றையும் எடுத்து வைத்தான். ஜூதி பையைத் தரையில் போட்டுவிட்டுத் தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "விடுடி, விடுடி" என்று அவன் உதறினான். அவள் விடவில்லை.

அன்று சாயங்காலம் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நான் நின்றேன். ஜூதி ஏழாவது முறையாகச் சறுக்குமரம் ஏறிக்கொண்டிருந்தாள். ஹிஷாம் கரையில் இறைச்சி நிறைந்த தட்டைப் படம் எடுத்து, அந்தத் தர்பூசணிக்காரனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அத்ஹம் தண்ணீருக்கடியில் வந்து என் பக்கத்தில் முளைத்தான். பத்தடி தள்ளி இல்லை, பக்கத்தில்.

"அந்த வீடியோ உங்கிட்ட எப்படி வந்துது?" என்று கேட்டேன்.

"சோஹைர் அத்தை அனுப்பினாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையேடா. எதுக்கு வச்சிருக்கே?"

தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டிருந்தான். "சும்மா. கிளாஸ்ல பசங்க குட்டி குட்டின்னு ஓட்டுனா, வீட்டுக்கு வந்து அதைப் பார்ப்பேன்."

"அத்தை மூஞ்சில அடிச்சதையா?"

"இல்லம்மா. நீங்க ஏழு தடவை தாண்டறீங்கல்ல? ஒவ்வொரு தடவையும் தாண்டி முடிச்சதும், கால் பட்டுடுச்சான்னு குனிஞ்சு என்னைப் பாக்கறீங்க. எல்லாரும் போதும் போதும்ங்கிறாங்க, நீங்க பாட்டுக்குப் பாக்கறீங்க."

எனக்கு அது நினைவே இல்லை. உலகத்தில் இருக்கிற எல்லாத் தர்பூசணியையும் கொண்டுவந்து கொட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. அவன் ஈரத் தலையை இழுத்து அணைத்து, கன்னத்திலும் நெற்றியிலும் பூனைமுடி மீசையிலும் முத்தமாகக் கொடுத்தேன்.

"ஐயோ அம்மா, விடுங்க! அந்தப் பொண்ணு பாக்கறா!"

"பாக்கட்டும்டா. அவ பாக்காதது இனிமே உங்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?" என்றேன்.