அக்காவுக்கும் மறந்துபோன சண்டை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை இலக்கியத்துக்காக எழுத ஆரம்பிக்கவில்லை. அக்காவின் வாயைக் கிளறத்தான் ஆரம்பித்தேன். பிறகு பாதியில் அது கதையாகிவிட்டது, நான் பொறுப்பல்ல.

போன வருடம் மனச்சோர்வு வந்து என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. கடைசியில் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, தலையில் கொஞ்சம் மின்சாரம் செலுத்தினார்கள். ஊர்ப் பேச்சில் ஷாக் ட்ரீட்மென்ட். பெயரைக் கேட்டதும் நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நானும் சுளித்தவள்தான். ஆனால் நடந்தது இவ்வளவே: தூங்கினேன், எழுந்தேன், தலை வலித்தது, பிஸ்கட் கொடுத்தார்கள். சில வாரங்கள் இப்படிப் போனபின் ஒரு காலையில் எனக்குப் பசித்தது. நிஜப் பசி. நர்ஸைக் கூப்பிட்டு இன்னொரு பிஸ்கட் கேட்டேன். என் கணவர் தாழ்வாரத்துக்குப் போய் அழுதாராம்.

கணக்கில் ஒன்று மட்டும் இடித்தது. சிகிச்சைக்கு முந்தைய ஏழெட்டு மாதங்கள் என் தலையில் இல்லை.

"கொஞ்சம் திரும்பி வரும், கொஞ்சம் வராது" என்றார் டாக்டர்.

"எது வராது?"

"வந்ததுக்கு அப்புறம் மீதியைப் பார்த்துக்கலாம்" என்றார். வராததை எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை. நல்ல மனிதர், பாவம்.

2

இனி கதையை ஆரம்பிக்க வேண்டும்.

'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் இரண்டு சகோதரிகள்' — நிறுத்து. மழை பெய்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

'அவள் மறந்துபோனாள், ஆனால் உலகம்' — உலகத்தை எதற்கு வம்புக்கு இழுக்க வேண்டும்?

'இயந்திரத்தை இயக்கும் முன் பின்வரும் குறிப்புகளைக் கவனமாகப் படிக்கவும்.' — இது தொழில் தோஷம். துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவதுதான் என் வேலை. யாருமே படிக்காத புத்தகங்களை எழுதிச் சம்பளம் வாங்கும் ஒரே எழுத்தாளர் நான். (தங்கள் புத்தகங்களையும் யாரும் படிப்பதில்லை என்று இலக்கிய நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை.)

வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு கையேட்டை எடுத்துப் படித்தேன். 'கதவை அழுத்திச் சாத்தவும், அறையவேண்டாம்.' அட, அழகாக எழுதியிருக்கிறாளே, யார் இவள் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் என் பெயர்.

3

ஞாபகம் போனவளுக்கு எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு ஞாபகம் தருவார்கள்.

"நான் குறட்டை விடறதில்லைன்னு நீயே ஒத்துக்கிட்டே" என்றார் கணவர். "இதே சோபால உக்காந்துதான் சொன்னே."

"அந்தப் பச்சைக் குடையை என்னையே வச்சுக்கச் சொன்னியே!" என்றாள் அலுவலகத் தோழி.*

சில ஞாபகங்கள் தாமாகவே திரும்பின. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வங்கி அட்டையின் ரகசிய எண் வந்தது. சோப்புக் கையோடு வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். "ரகசியம்டி, மெதுவா சொல்லு" என்றார் கணவர்.

* குடை அவளிடம் இருக்கிறது. குறட்டை எங்களிடம் இருக்கிறது.

4

[இங்கே ஒரு பகுதி எழுதியிருந்தேனாம். உருக்கமாக இருந்தது என்கிறார் கணவர். குறட்டை விஷயத்தில் நம்பாத ஆளை இதில் மட்டும் எப்படி நம்புவது?]

5

இப்போது அக்காவைக் கொண்டுவருகிறேன். கதாபாத்திரமாக அவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: இவ்வளவு ஞாபகசக்தி உள்ள ஆளை வாசகர்கள் நம்புவார்களா?

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கல்யாணம், கில்யாணம் எதுவும் வேண்டாம் என்று தனியாக, ஜோராக இருப்பவள். தெருவில் யாராவது எதிரே வந்தால் பெயர் சொல்ல மாட்டாள். "வலது கண்ணு மைனஸ் ரெண்டேகால் வர்றார் பாரு" என்பாள். ஆறு வயதில் நான் ஒடித்த அவளுடைய வர்ணப் பென்சில் எந்த வர்ணம் என்பது இன்றைக்கும் அவளுக்குத் தெரியும். ஊதா.

சிகிச்சை நாட்களில் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். கண்விழித்து, "அக்கா, எப்ப வந்தே?" என்று கேட்டேனாம். அக்கா என் போர்வையைச் சரிசெய்தாளாம். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்தாள். எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

புதுக் கண்ணாடி வாங்க ஒரு நாள் அவள் கடைக்குப் போனேன். வெறும் சட்டத்தை என் மூக்கில் மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கல்லாவிலிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பாடா, ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா! உன் அக்கா எத்தனை மாசமா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டிருந்தா."

அக்கா கையிலிருந்த வில்லை கீழே விழுந்து உருண்டது. கை தவறுகிறவள் இல்லை அவள்.

"நாம சண்டை போட்டமா அக்கா?"

"அந்தம்மாவுக்கு வேற வேலையில்ல."

"எதுக்குச் சண்டை?"

அக்கா குனிந்து வில்லையைத் தேடினாள். தேட வேண்டியதைவிட அதிக நேரம் தேடினாள்.

"எனக்கும் மறந்துபோச்சு" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் இது. கரண்ட் வைத்தது எனக்கு, மறந்துபோனது அவளுக்கா?

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்தேன். "பேசிக்காமதான் இருந்தீங்க" என்று ஒத்துக்கொண்டார். "ஏன்னு கேட்டேன், நீ வாயே திறக்கல. ஆஸ்பத்திரில நீ சிரிச்சுப் பேசினே. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

ஆக, அந்தச் சண்டை இந்த உலகத்தில் ஒரே ஒரு தலைக்குள்தான் இருக்கிறது. என் வாழ்க்கையின் ஒரு துண்டு அக்காவின் பாதுகாப்பில். அன்றிலிருந்து அவள் போட்டுத்தந்த காபியைக்கூட என்னால் நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை. நான் அவளுக்கு ஏதாவது கொடுமை செய்தேனா? இல்லை, அவள் எனக்கா? சிரிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியாத யாரையோ பார்த்து அக்கா சிரிக்கிறாள் என்று தோன்றியது.

6

போட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். பொய்யான காரணங்களைக் கதையாக எழுதி அக்காவிடம் படிக்கக் கொடுப்பது, முகத்தைப் பார்ப்பது.

முதல் வரைவில் சண்டை ஒரு பயணப் பெட்டியால் வந்தது. தங்கை இரவல் வாங்கிய பெட்டியைச் சக்கரம் ஒடித்துத் திருப்பித் தருகிறாள். அக்கா படித்துவிட்டு, "இதுக்கா மாசக்கணக்கா பேசாம இருப்பாங்க? உன் புத்தி பெட்டி சைஸ்தான்" என்றாள். முகத்தில் ஒன்றுமில்லை.

இரண்டாவதில் தங்கை, அக்காவின் தனிமையைப் பற்றி ஒரு விருந்தில் கிண்டல் செய்கிறாள். "இதுக்கெல்லாம் எனக்குக் கோபம் வருமா? நீ பேசினா நான் திருப்பி நாலு பேச மாட்டேனா?" என்றாள். இரண்டு எழுத்துப்பிழைகளையும் காட்டினாள்.

(இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் அக்காவின் கண்களை வர்ணிப்பார். அக்காவின் கண்கள் பிறர் கண்ணைப் பார்த்தே பழகியவை. அவற்றில் எதையும் படிக்க முடியாது.)

மூன்றாவதில் எல்லாப் பழியையும் தூக்கி என்மேல் போட்டுக்கொண்டேன். தங்கை படுக்கையில் கிடக்கிறாள். பார்க்க வந்த அக்காவிடம், 'இனி என் வீட்டு வாசப்படி ஏறாதே' என்று கத்துகிறாள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. இது உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டேதான் கொடுத்தேன்.

7

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள். ஒரு இடத்தில் நின்றாள். மறுபடி படித்தாள்.

"இதை எடுத்துடு. நீ இப்படிச் சொல்லலடி. நீ எதுவுமே சொல்லல."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குட்டு உடைந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை.

"அப்ப நீ சொன்னியா?"

"சொன்னேன்." தாள்களை மடியில் அடுக்கினாள். "ஆஸ்பத்திரில 'எப்ப வந்தே'ன்னு கேட்டுச் சிரிச்சியே, எனக்கு உயிரே திரும்பி வந்துச்சு. அந்தப் பேச்சு உன் தலையிலேர்ந்து போயிடுச்சுன்னு புரிஞ்சதும் பாத்ரூமுக்குள்ள போய்க் கும்பிட்டேன். தங்கச்சிக்கு ஞாபகம் போச்சுன்னு சந்தோஷப்பட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

"விடுக்கா. எனக்குத்தான் மறந்துபோச்சே."

"அதான்டி. நீ மறந்துட்டே. மன்னிக்கல. ரெண்டும் ஒண்ணா?"

அவள் கேட்டதை அவள் கேட்டபடியே இங்கே விட்டிருக்கிறேன்.

"உன் வீட்டுக் காபியைக் குடிக்கறப்பல்லாம் திருடிக் குடிக்கற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. "சொல்லிடறேன். அப்புறம் நீ என்ன வேணா பண்ணு."

சொன்னாள். ஒரே வாக்கியம். எனக்கு மிக மோசமாக இருந்த நாட்களில், நான் எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தபோது, கட்டில் ஓரத்தில் நின்று அவள் சொன்னது:

[ . . . . . . . . . . . . . . . . . . . . ]

இல்லை, அச்சுப்பிழை இல்லை. அதை எழுதினால் நீங்கள் அக்காவை வெறுப்பீர்கள். அந்த உரிமை எனக்கு மட்டும்தான். இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு நாளில், உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவர் பொறுமை இழந்து சொன்ன சொல் ஒன்று இருக்கும். அதை இதில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் சொன்ன சொல் ஒன்று இருக்கும்.

அவளுக்கு அது பழைய சண்டை. எனக்கு அப்போதுதான் விழுந்த அடி. வந்தது பாருங்கள், கோபம்!

"உனக்கு எப்படிடி வாய் வந்துச்சு?" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவை 'டி' போட்டேன். "செத்துக்கிட்டிருந்தேன்டி நான்! உன் கடைக்கு வர்ற கண்ணு தெரியாதவனுக்குக்கூட ஒரு பொறுமை காட்டுவே, எனக்குக் காட்ட மாட்டியா?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். ஊதாப் பென்சிலைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன். கணவர் ஓடிவந்து, நிலவரத்தைப் பார்த்து, வந்த வழியே ஓடிவிட்டார்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே, "திட்டுடி" என்றாள். "அன்னிக்கு இப்படித் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். நீ சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டே. திட்டக்கூடத் தெம்பில்லாம கிடந்தே. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது உனக்கு நெஜமாவே எவ்வளவு முடியலன்னு. அதுக்கப்புறம் நீ ஃபோனே எடுக்கல."

நான் கேட்கிற நிலையில் இல்லை. "போயிடு" என்றேன். போய்விட்டாள்.

8

மூன்றாவது வரைவில் நான் எழுதிய பொய் இப்படி உண்மையாகிவிட்டது. எழுத்தாளர்களுக்கு இது பெருமையாம். எனக்கு வேண்டாம் இந்தப் பெருமை. இரண்டு வாரமாக அக்கா வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆகவே முடிவை நானே தயாரிக்க வேண்டும்.

முடிவு ஒன்று: அக்கா நோயில் விழுகிறாள், தங்கை ஓடுகிறாள், கட்டிப்பிடித்து — வேண்டாம். உங்களுக்குக் கண்ணீர் வரும். அக்கா படித்தால் எனக்கு அடி விழும்.

முடிவு இரண்டு: தங்கை டாக்டரிடம் போய், 'இன்னொரு தடவை கரண்ட் வையுங்கள், இதையும் அழித்துவிடலாம்' என்கிறாள். டாக்டர் சிரிக்கிறார். எனக்கே சிரிப்பு வரவில்லை. அந்த ஏழெட்டு மாதங்களில் எனக்குக் கைக்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். கசப்புதான். ஆனாலும் என்னுடையது, யாருக்கும் தர மாட்டேன்.

முடிவு மூன்று: 'காலம் எல்லாவற்றையும்' —

அழைப்பு மணி.

கணவர் கதவுத் துளை வழியாகப் பார்த்துவிட்டு, பூனை நடை நடந்து என் மேஜைக்கு வந்தார். "உங்க அக்கா" என்றார், உதடு அசையாமல். "என்ன பண்ண?"

என்னையே கேட்டால்? கோபம் அப்படியே இருக்கிறது, சுடச்சுட. அவளைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு என்னிடம் கையேடு இல்லை.

மறுபடி மணி. இந்த முறை சின்னதாக, ஒரு தடவை மட்டும்.

மன்னிப்பதா வேண்டாமா என்பதை உங்களிடம் விடுகிறேன். அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியம் போட்டீர்களே, அதற்குரிய ஆளை நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவசரமே இல்லை, நிதானமாக யோசியுங்கள். நான் அதற்குள் போய்க் கதவைத் திறக்கிறேன். அவள் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருக்கிறாள்.