இரண்டு தட்டு தட்டினால்

ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். இரண்டு தட்டு தட்டினால் ஒழுகுகிறது. ஏற்பாடு அவ்வளவுதான். இதில் குழப்பிக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருந்ததே!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. காரின் டிக்கிக்குள் டார்ச் லைட்டோடு மனைவி சுருண்டு படுத்திருந்தாள். டிக்கியை மூடிவிட்டு, ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான் கணவன். லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். தெருவில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். உள்ளே படுக்க முதலில் தயாரானவன் அவன்தான். அவனுடைய தொப்பைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க படுத்தா டிக்கி மூடவே மூடாது, நகருங்க" என்று அவளே காலைத் தூக்கிப் போட்டு ஏறிவிட்டாள்.

கார் அவளுடைய அண்ணன் ஓட்டி அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. வண்டிக்கு இருபத்திரண்டு வயது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மழை பெய்தால் டிக்கிக்குள் தண்ணீர் நிற்கும், ஸ்டெப்னி டயர் அதில் ஊறும். அவள் திரைச்சீலை தைப்பவள். தைத்ததை எல்லாம் இந்த டிக்கியில் போட்டுத்தான் வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவாள். போன மாதம் ஒரு மருத்துவமனைக்கு எட்டு வெள்ளைத் திரைகள் கொண்டுபோனாள். பிரித்துப் பார்த்தால் எட்டிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூஞ்சைக் கோடு. நர்சம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து, "இந்த ஒழுகலை நிறுத்துங்க, இல்லாட்டி இந்த வண்டியில நான் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது ஒரு தடவைதான். அவன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தான். டிக்கியைச் சுற்றி ரப்பரை மாற்றினான். பின்லைட்டுகளைக் கழற்றி, விளிம்பெல்லாம் சிலிகான் பசையைப் பிதுக்கி மறுபடி மாட்டினான். பம்பருக்குப் பின்னால் காற்றுப் போவதற்கென்று வைத்திருந்த இரண்டு துவாரத்தையும் அடைத்தான். அடியில் தண்ணீர் வடிய வைத்திருந்த ஓட்டையையும் அடைத்தான். ஓட்டை என்று கண்ணில் பட்டால் போதும், பசை டியூபோடு பாய்ந்துவிடுவான். சாவித் துவாரத்தின் மேல் சந்தேகம் வந்ததும் சாவி போடும் பகுதியையே பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தையும் பூசி மெழுகினான். "அப்புறம் எப்படித் திறப்பீங்க?" என்று அவள் கேட்டாள். "டிரைவர் சீட்டுப் பக்கத்துல லிவர் இருக்கே, இழுத்தா திறக்கப்போவுது" என்றான். மகா புத்திசாலி!

இன்று பரீட்சை. தண்ணீர் ஓடினால் தடம் தெரியவேண்டும் என்று டிக்கி முழுக்க முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி வைத்திருந்தான், ஒரு டப்பா முழுவதும். அந்த யோசனையை அவனுக்குச் சொன்ன பட்டறைக்காரன் நல்ல யோசனைதான் சொன்னான். ஆனால் அவனுடைய பெண்டாட்டிக்கு வீசிங் இல்லை. இவளுக்கு உண்டு. கடைசியாக இழுப்பு வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் இரண்டு பேருமே அதை மறந்துபோயிருந்தார்கள்.

பின் கண்ணாடியின் ஓரமாகத் தண்ணீரைப் பாய்ச்சினான். ஒரு தட்டு. சபாஷ். இடது லைட்டில் பாய்ச்சினான். கொஞ்சம் தாமதமாக ஒரு தட்டு. வலது லைட்டுக்கு வந்து நின்றான்.

டக், டக்.

அகப்பட்டதடா என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். நான்கு மாதமாகத் தண்ணி காட்டியது இந்த லைட்டுதானா? "வலது பக்கமா? நல்லாப் பாரு, மேலயா கீழயா?" என்று கத்திக்கொண்டே பைப்பை இன்னும் கிட்டே கொண்டுபோனான். டக் டக் டக் டக் என்று உள்ளேயிருந்து விடாமல் தட்டினாள்.

"புரியுதும்மா, புரியுது! ரெண்டு தட்டு போதும்!"

மூன்று நிமிஷம், நான்கு நிமிஷம் அங்கேயே பாய்ச்சினான். தகரத்தில் தண்ணீர் அடிக்கிற இரைச்சலில் வேறு எதுவும் காதில் விழவில்லை. மாடி வீட்டு டீச்சர் துணி உலர்த்த வந்தவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "சார், உள்ள யாரோ இருமுற மாதிரி இல்ல?"

அவன் பைப்பைத் திருப்பினான். அப்போதுதான் கேட்டது. இருமல், இருமலுக்கு நடுவே விசில் அடிக்கிற மாதிரி ஒரு மூச்சு. அந்தச் சத்தத்தைப் பதினாறு வருஷக் குடித்தனத்தில் ஆறேழு முறை கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் போய்த்தான் முடிந்தது.

பைப்பைப் போட்டுவிட்டு ஓடினான். கதவைத் திறந்து லிவரை இழுத்தான். லிவர் லேசாகக் கையோடு வந்தது. இருபத்திரண்டு வருஷத் தண்ணீர் கேபிளைத் தின்று வைத்திருந்தது. இழுக்க இழுக்கத் துருப்பிடித்த கம்பி முழுசாக வெளியே வந்ததே தவிர, டிக்கியில் ஒரு அசைவு இல்லை. சாவி போடத் துவாரமும் இல்லை. அதைத்தான் ஐயா பூசி மெழுகிவிட்டாரே!

"டீச்சர்! அவ இன்ஹேலர்! கட்டில் பக்கத்து அலமாரி, மேல் தட்டு, நீலக் கலர்! ஓடுங்க!"

டீச்சர் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். அவன் டிக்கியின் மேல் குனிந்து இரண்டு கையையும் ஊன்றினான். வேலைக்குப் போகிற இடத்தில் அவனுக்கு ஒரு பாட்டு உண்டு. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் நூறு தடவை, இருநூறு தடவை சொல்லியிருப்பான். இப்போதும் வாய் அதைத்தான் சொன்னது.

"பதறாதே. உள்ள காத்து இருக்கு. நான் வெளியதான் நிக்கிறேன், இதோ திறந்துடுவேன்…"

சொல்லும்போதே உறைத்தது. லிஃப்டில் காற்று இருக்கும். கதவு இடுக்கு, மேலே விசிறி, எப்படியும் வந்துகொண்டிருக்கும். இந்தப் பெட்டியில் எங்கிருந்து வரும்? இடுக்கு இடுக்காகத் தேடித் தேடி அவனே அல்லவா அடைத்தான்?

"பவுடர்…" உள்ளேயிருந்து குரல் வந்தது. "பவுடர்டா… பாவி…"

இந்தப் பதினாறு வருஷத்தில் அவள் அவனை 'டா' போட்டதில்லை.

கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினான். தகரம்தான் வளைந்தது, பூட்டு அசையவில்லை. பின் சீட்டைப் பிடுங்கி எறிந்தான். சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடு, தகட்டுக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க். வேலைப் பையிலிருந்து வெட்டும் மெஷினை எடுத்து பிளக்கைக்கூடச் செருகிவிட்டான். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றது. ஒரு பொறி பறந்தால் போதும், காப்பாற்றுகிறேன் என்று கிளம்பிக் கொளுத்தி விட்டதாக ஆகும். மெஷினைத் தரையில் போட்டான்.

டீச்சர் இன்ஹேலரோடு வந்துவிட்டார். ஒரு கையில் இன்ஹேலர், மறு கையில் போன். "தீயணைப்புக்குச் சொல்லிட்டேன் சார். வர இருபது நிமிஷம் ஆகுமாம்."

இருபது நிமிஷம்! விசில் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. தட்டுவது நின்றுவிட்டது. இன்ஹேலர் வந்து என்ன செய்ய? உள்ளே கொடுக்க ஒரு துவாரம் வேண்டாமா?

வலது பின்லைட் அவன் முழங்காலுக்கு நேரே சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. லைட்டுக்குப் பின்னால் கை நுழையும் அளவு திறப்பு உண்டு. அவனுக்குத் தெரியும், அவன்தானே கழற்றி மாட்டினான். சுத்தியலை எடுத்தான். ஓங்கினான். ஓங்கிய கை அரை நொடி நின்றது. இந்த மாடலுக்கு இப்போது லைட் கிடையாது. போன வருஷம் ஒன்று உடைந்தபோது நான்கு மாதம் பழைய சாமான் கடை கடையாக அலைந்து வாங்கியது என்று புத்தி சொல்லிற்று. அரை நொடிதான். அந்த அரை நொடியை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும் சொல்லவில்லை. கதை சொல்கிற எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

"முகத்தை மூடிக்கோ!" என்று கத்திவிட்டு அடித்தான். இன்னும் இரண்டு அடி. லைட் சில்லு சில்லாகச் சிதறியது. பல்பையும் வயரையும் பிய்த்துப் போட்டு, பசையை நகத்தால் கிழித்து, கையை உள்ளே விட்டான். சில்லு முழங்கையைக் கீறிக்கொண்டு போனது, அவனுக்கு உறைக்கவே இல்லை. தடவினான். ஏதோ துணி, டார்ச் லைட், அப்புறம் தலைமுடி. வியர்வையில் நனைந்திருந்தது.

"இந்தா, இந்தா, பிடிச்சுக்கோ. கையைக் கொடு. எங்கடீ உன் கை?"

விரல்கள் வந்தன. ஐஸ் கட்டி மாதிரி ஜில்லென்று இருந்தன. இன்ஹேலரை அந்த விரல்களுக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துக்கொண்டான். கை இருந்தால் அந்தக் கொஞ்சக் காற்றும் போகாதே.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவன் ஈரத் தரையில் படுத்து அந்தத் துவாரத்தில் காதை வைத்தான். கடவுளே, கடவுளே என்று வாய் முனகிற்று. டீச்சர் அவன் தலைமாட்டில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். கீழே கிடந்த பைப்பிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

புஸ்ஸென்று ஒரு சத்தம்.

அவன் விரல் விட்டு எண்ணினான். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. மறுபடி ஒரு புஸ். பிறகு நீளமாக ஒரு மூச்சு, கிழிந்த மூச்சு, ஆனால் மூச்சு.

"மூக்கை ஓட்டைக்கிட்ட கொண்டு வா. அப்படியே இரு. பேசாதே."

"பேசாம…" ஒரு மூச்சு. "எப்படி… திறக்கிறதாம்?"

இந்தக் கேள்வி வந்ததும் அவனுக்குப் பாதி உயிர் திரும்பியது. ஸ்குரூ டிரைவரை உள்ளே நீட்டினான். "பூட்டு தெரியுதா? அதுல தகடு மூடியிருக்கும். நடுவுல ஒரு கீறல் இருக்கும் பாரு, அதுக்குள்ள விட்டு இடது பக்கம் தள்ளு."

"யாருக்கு இடது?"

"ஐயோ, ஆமா… உனக்கு! உனக்கு இடது!"

ஸ்குரூ டிரைவர் வழுக்குகிற சத்தம். விழுந்த சத்தம். இருமல். தேடுகிற சத்தம். அவன் பற்களைக் கடித்துக்கொண்டு கிடந்தான். வெளியே நின்று கதவை நெம்புகிறவன் அவன். உள்ளே இருப்பவர்கள் சும்மா இருந்தால் போதும் என்பதுதான் அவனுடைய தொழில். இன்று வேலை செய்கிறவள் உள்ளே இருந்தாள். அவனால் ஆனது சும்மா கிடப்பதுதான். அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றை அவன் அதுவரை செய்ததில்லை.

மூன்றாவது முறை டக்கென்று பூட்டு விட்டது. மூடி இரண்டு விரற்கடை எழுந்து நின்றது. அவனும் டீச்சரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

தலை, புருவம், கழுத்து எல்லாம் பவுடர். உதடு மட்டும் நீலம் பாரித்திருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பைப் தண்ணீர் ஓடுகிற தரையிலேயே காரில் சாய்த்து உட்கார வைத்தார்கள். வாயைத் திறந்து திறந்து வானத்தைக் குடித்தாள். டீச்சர், "என் வண்டியை எடுத்துட்டு வர்றேன், நேரா ஆஸ்பத்திரி" என்று ஓடினார்.

இவன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். என்ன பேசுவது? மன்னிச்சிடு என்று சொல்லலாம். செத்துப் பிழைச்சேன் என்று சொல்லலாம். மனுஷன் வாயில் அந்த நேரத்தில் வந்தது என்ன தெரியுமா?

"வலது லைட்தானே? அங்கதானே ஒழுகுச்சு?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை, அதற்கு மூச்சு வேண்டுமே.

"ஒழுகலைங்க," என்றாள். இழுத்து இழுத்துச் சொன்னாள். "ஒரு இடத்துலகூட… ஒழுகலை. ஒரு சொட்டு வரலை. நல்லாத்தான்… அடைச்சிருக்கீங்க."

அவனுக்கு அதற்குப் பிறகுதான் புரிந்தது. அந்த இரண்டு தட்டு, அப்புறம் விடாமல் தட்டியதெல்லாம் திற, திற என்றுதான். அவன்தான் புரியுது புரியுது என்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, தெருவே கேட்கிற மாதிரி, அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கோவென்று அழுதான்.

அவள் அவன் தலையில் கை வைத்தாள். தடவிக் கொடுக்கப்போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். தள்ளினாள்.

"அழறதை… அப்புறம் வச்சுக்கலாம். தள்ளி உட்காருங்க. காத்து வரட்டும்."

அவன் தள்ளி உட்கார்ந்தான். போதாது என்று கையைக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.