தரையைத் தொடாத வீடு

தேக்காவில் கெர்பாவ் ரோட்டை ஒட்டிய சந்தின் கடைசியில் தனியாக நின்ற ரத்தினம்மாவின் வீடு தரையைத் தொடவில்லை என்பது 1958 ஆகஸ்டில் தெரியவந்தது. பக்கத்து மனையில் ஏழு மாடிக் கட்டடம் எழும்ப இருந்தது. அதற்காக மண்ணுக்குள் தூண்களை அடித்து இறக்கும்போது அக்கம்பக்கத்து வீடுகள் வெடித்தால், அது பழைய வெடிப்பா புதிய வெடிப்பா என்று பின்னால் சண்டை வரும். ஆகவே வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீடும் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து வர, கட்டடக் கம்பெனி அற்புதராஜ் என்பவரை அனுப்பியது. அவர் கேமராவும் அளவு நாடாவும் சாக்கட்டியுமாகச் சந்து முழுக்க நடந்தார். செல்லரித்த வாசல்நிலை, சாய்ந்த தூண், ஓட்டை ஓடு என எதையும் விடவில்லை. ரவிக்கை தைத்துச் சேர்த்த காசில் இந்த வீட்டை வாங்கிய ரத்தினம்மாவோ அவர் பின்னாலேயே போனாள். அவர் எந்தக் கீறலைத் தொட்டாலும், “அது வெடிப்பு இல்ல தம்பி, சுண்ணாம்பு உரிஞ்சிருக்கு,” என்று வீட்டுக்காக வாதாடினாள்.

பின்பக்கம் பாசியும் புல்லும் மண்டிய அடிச்சுவரை அற்புதராஜ் இரும்பு ஸ்கேலால் சுரண்டினார். ஸ்கேல் உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. புல்லைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்தார். வீட்டின் அந்தப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழியின் கால்கள் இந்தப் பக்கம் தெரிந்தன.

“அக்கா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. உங்க வீடு எதுமேலயும் நிக்கல.”

ரத்தினம்மா குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் ஒரு நூல்கண்டை எடுத்துவந்தாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அற்புதராஜ் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிடித்தார். இருவரும் தரையோடு தாழ்த்தி இழுத்துக்கொண்டே நடக்க, நூல் வாசலிலிருந்து அடுப்படி வரை எங்கும் தடுக்காமல் அடியில் வழுக்கிக்கொண்டு வந்தது. போன வெள்ளத்தில் தேக்காவே முங்கியபோது தன் வீட்டுக்குள் மட்டும் ஏன் தண்ணீர் வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். மாலைக்குள் சந்தே அங்கே கூடிவிட்டது. ஆளுக்கொரு கயிற்றையும் சேலையையும் அடியில் விட்டு மறுபக்கம் எடுத்தார்கள். அதே சந்தில் சர்பத் விற்கும் முகம்மது யூசுப் தன் வண்டியை வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

லாரி ஓட்டிவிட்டு வீடு திரும்பிய கணவன் மருதப்பன் மட்டும் உள்ளே போகப் பயந்து வெளியிலேயே நின்றான். மறுநாள் வந்த கம்பெனி இன்ஜினியர், இடைவெளி முழுவதையும் இலவசமாகச் சிமெண்டு போட்டு அடைத்துத் தருவதாகவும், வேண்டாமென்றால் வீடு விழுந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

“சும்மா குடுக்கறாங்க, வாங்கிக்க ரத்தினம்,” என்றான் மருதப்பன். “அந்தரத்துல நிக்கிற வீட்ல எப்படிம்மா கண்ணை மூடித் தூங்குறது?”

“பதினோரு வருசம் கொறட்டை விட்டுத்தானே தூங்குனீங்க?” என்றாள் அவள். ஆனால் வீடு விழுந்தால் அவர்களுக்கு வேறு கூரை கிடையாது. இரவெல்லாம் வெறுந்தரையில் உள்ளங்கையை வைத்தபடி படுத்திருந்தாள். யாரும் தாங்காமல் இத்தனை காலம் நின்ற வீட்டைத் தானே மண்ணோடு கட்டிப்போடுவதா என்று தோன்றியது. காலையில் இன்ஜினியரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மருதப்பன் இரண்டு நாள் லாரியிலேயே படுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பக்கத்து மனையில் தூண்மேல் சம்மட்டியின் முதல் அடி விழுந்தது. சந்தில் ஓடுகள் சரிந்தன, அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. ரத்தினம்மாவின் வீட்டில் தம்ளர்த் தண்ணீர்கூட அசையவில்லை. அவள் வெளியே ஓடி உள்ளங்காலில் அதிர்வை வாங்கிக்கொண்டு, உள்ளே ஓடி அது இல்லாததைப் பார்த்தாள். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. நாலாம் தடவை மருதப்பனும் கூடவே ஓடினான். இருவரும் மூச்சிரைக்கச் சிரித்தார்கள்.

அன்று மத்தியானமே யூசுப்பின் மனைவி சாயிரா பானுவை ரத்தினம்மா கைப்பிடித்து அழைத்துவந்தாள். அவளுக்கு எட்டாம் மாதம். முன்பே ஒன்று தங்காமல் போயிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் வயிறு இறுகுகிறது என்று அழுதுகொண்டிருந்தவள், வாசற்படியைத் தாண்டியதும், “வயிறு இளகிருச்சுக்கா,” என்று சொல்லி அங்கேயே பாயில் சுருண்டு தூங்கிப்போனாள். அதன்பின் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. தூங்காத பிள்ளைகளோடு தாய்மார்கள் வந்தார்கள். கடிகாரம் பழுதுபார்ப்பவர் பெட்டியோடு வந்தார். பரீட்சைக்குப் படிப்பவர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். இத்தனை பாரத்தை வீடு தாங்குமா என்று ரத்தினம்மாவுக்குத் திகிலாகிவிட்டது. அற்புதராஜை வரவழைத்து அளக்கச் சொன்னாள். அவர் படுத்து அளந்தார், எழுந்தார், மறுபடி படுத்து அளந்தார்.

“இறங்கல அக்கா. ஒரு விரக்கடை மேல போயிருக்கு!”

கடைசித் தூண் இறங்கிய நாளில் சாயிரா பானுவுக்கு வலி கண்டது. சந்து முழுக்க மழைத் தண்ணீர் நின்றதால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. மருத்துவச்சியை மருதப்பன் தோளில் சுமந்து தண்ணீருக்குள் நடந்துவந்தான். வெளியே சம்மட்டி விழ, ரத்தினம்மாவின் வீட்டுக்குள் பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகை சம்மட்டிச் சத்தத்துக்கும் மேலாகக் கேட்டது என்று சந்தில் எல்லாரும் சொன்னார்கள். யூசுப் வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் ஊற்றிக் கொடுத்தே வண்டியைக் காலியாக்கினார்.

ஏழு மாடிக் கட்டடம் எழும்பியது. நாளடைவில் அதுவும் பழையதாகிவிட்டது. ரத்தினம்மாவின் வாசலில் ஏறி வர முதலில் ஒரு பலகையும் பிறகு ஒரு படியும் சேர்ந்தன. 1966இல் வீடுகளுக்குள் குழாய் இழுக்க ஆள் வந்தபோது, தெருக்குழாயில் குடம் பிடித்துச் சலித்துப்போயிருந்த ரத்தினம்மா அவரை முதலில் தன் வீட்டுக்குத்தான் கூப்பிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். தன் பையைத் துழாவினார்.

“இரும்புக் குழாய் சரிப்படாது. ரப்பர்ல போட்டுடறேன் லா. வீடு ஏறினாலும் இறங்கினாலும் இழுத்துக்கும்.”

“ஏறும்,” என்றாள் ரத்தினம்மா. “கொஞ்சம் நீளமாவே விடுங்க.”