சல்லித் தடத்துக்கு இரண்டு உபயதாரர்கள்

சூரங்குளத்துக்கு ரயில் வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவும் இல்லை. அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு இருப்புப்பாதை போட்ட காலத்தில், குண்டாற்றுச் சரளையை அள்ளிக்கொண்டு போக ஆற்றங்கரையோரமாக ஒரு தற்காலிகத் தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டி விட்டார்கள். வேலை முடிந்ததும் தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சரளை பரப்பிய மேட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அது ஊரிலிருந்து திருச்சுழி வரைக்கும் ஆற்றோடு ஆறாக வளைந்து கிடந்தது. ஊரார் அதற்குச் சல்லித் தடம் என்று பேர் வைத்தார்கள். சூரங்குளம் பொதுக்காரியம் என்று செய்தது அந்தப் பேர் வைத்தது ஒன்றுதான்.

அந்தத் தடத்தில் தினமும் சைக்கிளில் போகிற ஒரே ஆள் பொன்னுச்சாமி மகள் மாயக்காள். பி.எஸ்ஸி. அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவை, அங்கே நடந்த கட்டட வேலைக்கு மணல் இழுத்த அவள் அய்யாவின் மாடுகள்தான். திருச்சுழிப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக டீச்சராக இருந்தாள். பஸ்ஸும் இருந்தது. அது அருப்புக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குத் திருச்சுழி போய்ச் சேரும். மற்ற வழியெல்லாம் கரிசல். ஒரு மழை பெய்தால் போதும், செருப்பு காலோடு வராது.

சைக்கிள் அருப்புக்கோட்டையில் பழசாக வாங்கியது. லேடீஸ் சைக்கிள்தான், ஆனால் யாரோ நெட்டைக்காரி ஓட்டியது போலிருக்கிறது. சீட்டு உச்சியில் நின்று துருப்பிடித்துப் போயிருந்தது. இறக்க முடியாது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். இறங்கி வராத குணம் மாயக்காளுக்கும் உண்டு என்பதால் இரண்டுக்கும் ஒத்துப்போயிற்று. ஏறுவதற்கு மட்டும் ஒரு கல்லோ வரப்போ காலுக்கு அடியில் வேண்டும். தடத்தில் ஓரிடத்திலும் அப்படி ஒரு கல் இல்லை. பாதி வழியில் செயின் கழன்று இறங்கினால், அடுத்த வரப்பு வரைக்கும் உருட்டிக்கொண்டுதான் நடப்பாள்.

பொம்பளைப் பிள்ளை சைக்கிள் விட்டால் ஊருக்கு மழை பெய்யாது என்றார்கள். அவள் பிறப்பதற்கு முன்னாலும் அந்த ஊரில் மழை பெய்ததில்லை. அதற்கு யார் சைக்கிள் விட்டார்கள் என்று கேட்டாள்.

தடத்துக்குக் கிழக்கே அவளுடைய பெரியப்பா தனுஷ்கோடியின் புஞ்சை. மேற்கே, பந்தல்குடியில் மளிகைக் கடை வைத்திருந்த ஐயாத்துரை அண்ணாச்சியின் புஞ்சை. இருவரும் பக்திமான்கள். சித்திரையில் நல்ல நாள் பார்த்து, மாட்டுக்கு மஞ்சள் பூசி, கலப்பைக்குப் பூச்சுற்றி, வருஷத்தின் முதல் உழவாக நல்லேர் பூட்டுவார்கள். சூரங்குளத்தில் நல்லேருக்கு ஒரு சட்டம் உண்டு. பூட்டிய ஏரை யாரும் மறிக்கக் கூடாது, நடுவில் திருப்பவும் கூடாது. மாடு போன போக்கில் விட்டு, வட்டம் முடித்துத்தான் நிறுத்த வேண்டும். மறித்தவன் குடும்பம் விளங்காது. ஏர் கீறிப் போட்ட சால், மழை வந்து அழிக்கிற வரைக்கும் அப்படியே கிடக்க வேண்டும். சால் எதுவரையோ, உழுதவன் எல்லை அதுவரை.

இதில் ஓர் அதிசயம். இவர்கள் இருவருடைய மாடுகளும் வருஷம் தவறாமல் நல்லேரன்று சல்லித் தடத்துப் பக்கமே போயின. கிழக்கிலிருந்து ஒரு சால், மேற்கிலிருந்து ஒரு சால். கலப்பையின் கொழு சரளையில் கரகரவென்று அறைபடும். பெரியப்பா கண்ணை மூடி சாமி கும்பிடுவார். வெளியே வந்த சரளை வீணாகாமல் அண்ணாச்சி கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கடகால் குழிக்குப் போய்ச் சேரும். இரண்டு மாட்டு வண்டிகள் ஒதுங்கிப் போன தடம், எழுபத்திரண்டாம் வருஷச் சித்திரைக்குள் ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு நல்லேர் போனால் அதுவும் இல்லை.

அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்: ஜூன் மாதத்திலிருந்து வேலையை நிரந்தரமாக்கலாம், ஆனால் பிரேயர் மணிக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். திருச்சுழியில் தனியாக வீடு எடுத்துத் தங்குவதற்கு அய்யா ஒப்ப மாட்டார். தடம் போனால் வேலை போகும். வேலை போனால் கல்யாணம்தான்; பெரியம்மாவின் தம்பி மகன் பால்ச்சாமி தயாராக இருந்தான். பெண் பார்த்துவிட்டுப் போனபோது அவன் கேட்டது ஒரே கேள்வி: "இவுக சம்பளத்துல இதுவர எம்புட்டுச் சேத்து வச்சிருக்காக?"

"அய்யா, பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

பொன்னுச்சாமி தலையைச் சொறிந்தார். "அண்ணன எதுத்து நான் என்னைக்குத்தா பேசியிருக்கேன்?"

"அதான் கேக்கேன். ஒரு நாளாச்சும் பேசிப் பாக்கலாம்ல."

"நல்லேர மறிச்ச பாவம் நமக்கு எதுக்கு?"

அவளே போனாள். பெரியப்பா மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"நானா தாயி உழுகேன்? மாடு போகுது."

"மாடு வருசா வருசம் அந்தப் பக்கமே போகுதே பெரியப்பா. கோயிலுப் பக்கம் ஒரு தடவ கூடப் போக மாட்டேங்குதே."

"படிச்ச புள்ளைக்கு வாயப் பாரு" என்று அவர் சிரித்தார்.

அண்ணாச்சியிடம் போனாள். அவரும் சிரித்தார். "டீச்சரம்மா, உங்க பெரியப்பா நிறுத்தட்டும், மறு நிமிசம் நானும் நிறுத்துதேன்." இதே வார்த்தையை அண்ணாச்சி பேரைச் சொல்லிப் பெரியப்பாவும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒற்றுமை இல்லாத ஊர் என்று யார் சொன்னது?

நல்லேர் நாளன்று பள்ளிக்கூடத்தில் முழுப் பரீட்சை. மாயக்காள் விடிந்ததும் சைக்கிளைக் கழுவினாள். ஹேண்டில்பாருக்கு மஞ்சள் பூசினாள். குங்குமம் வைத்தாள். மாட்டுக்குக் கட்டி மிஞ்சிய செவ்வந்திச் சரத்தை எடுத்து முன்னால் சுற்றினாள்.

"என்னத்தா இது கூத்து?" என்றார் அய்யா.

"உங்களுக்குச் சோறு போடுறது கலப்பை. எனக்கு இது. நானும் இன்னைக்குத்தான் நல்லேர் பூட்டுதேன்."

வாசல்படியில் கால் வைத்து ஏறிப் போய்விட்டாள்.

தடத்தின் வளைவில் ஊரே கூடியிருந்தது. பெரியப்பா தடத்தின் மேலேயே ஏரை இறக்கியிருந்தார். ஓரத்தில் சால் போடுகிற நாணமெல்லாம் இந்த வருஷம் இல்லை. நடுமுதுகிலேயே போட்டுக்கொண்டு வந்தார். மேற்குப் புஞ்சையில் அண்ணாச்சி தன் மாடுகளை நுகத்தடியில் கட்டிக்கொண்டு, மீதிக்குத் தயாராக நின்றார். எதிரே மஞ்சள் பூசிய சைக்கிள் வந்தது.

"ஏ மாயக்கா, ஒதுங்கு. நல்லேர மறிக்காத."

"நான் எங்க மறிக்கேன்? எனக்கும் நல்லேர்தான் பெரியப்பா. நீங்க மறிக்காதீக."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெரியப்பா நிறுத்தவில்லை, நிறுத்தக் கூடாதே. அவளும் நிறுத்தவில்லை, இறங்கினால் மறுபடி ஏற ஒரு கல் கிடையாது. மாட்டுக்கு மூஞ்சிக்கு நேரே வந்ததும் மணியை அடித்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கேட்கிற மாதிரி அடித்தாள்.

வருஷக்கணக்கில் பெரியப்பா சொல்லிவந்த பொய் அன்றைக்கு மெய்யாயிற்று. மாடு போன போக்கில் போயிற்று. மிரண்டு மேற்கே திரும்பி, மேட்டிலிருந்து இறங்கி, நேராக அண்ணாச்சியின் புஞ்சைக்குள். மாடு விலகிய தடத்தில் மாயக்காள் நிற்காமல் போய்விட்டாள். மேழியைப் பிடித்தபடி பெரியப்பா பின்னால் ஓடினார். கறுத்த மண்ணில் அழகான ஆழச் சால் விழுந்துகொண்டே போயிற்று.

"யோவ் தனுஷ்கோடி, திருப்பும்யா" என்று கத்தினார் அண்ணாச்சி.

"நல்லேர மறிக்கிறீரா?"

அண்ணாச்சியால் மறிக்க முடியாது. போனால் புஞ்சை, மறித்தால் குடும்பம். பெரியப்பாவுக்கு முதலில் இருந்த பயம் மெல்லத் தெளிந்து, முகத்தில் ஒரு களை வந்தது. சின்ன வட்டமாக முடித்திருக்கலாம். புஞ்சை முழுசையும் ஒரு சுற்று சுற்றினார்.

அண்ணாச்சி தன் ஏரைத் தடத்தில் ஏற்றி, கிழக்கே இறக்கினார். அவர் மாடுகளை மிரட்ட மணி எதுவும் தேவைப்படவில்லை. வாலை முறுக்கியதே போதும். "எங்க மாடும் போற போக்குலதான் போகும்" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பாவின் புஞ்சையில் கோலம் போட்டார். கம்பு விதைக்க வைத்திருந்த நிலத்தில் இருவரும் அடுத்தவருக்கு உழவு வேலை செய்துகொண்டிருந்தார்கள். சூரங்குளத்தில் கூட்டுறவு தழைத்தது அந்த ஒரு காலைதான். அதைப் பார்க்க மாயக்காளுக்கு நேரம் இல்லை, பரீட்சை.

சாயங்காலம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். மேற்கே கிடக்கிற சால் என்னுடையது, அதுவரைக்கும் என் எல்லை என்றார் பெரியப்பா. கிழக்கே கிடக்கிற சால் என்னுடையது என்றார் அண்ணாச்சி. நல்லேர்ச் சால் எதையும் அழிக்கக் கூடாது என்பது சட்டமாயிற்றே. கம்பு தூக்குகிற அளவுக்குப் போனது. கடைசியில் பூசாரி சோணைமுத்து ஒரு வழி சொன்னார்: "ரெண்டு பேருக்கும் வேணாம். ரயில்வேக்காரன் விட்டுட்டுப்போன அகலம் என்னவோ, அத அளந்து அப்படியே விட்டுருவோம். எவனும் அதுல கொழு வைக்கக் கூடாது. எல்லை அதுதான்."

மறுநாள் அளந்தார்கள். தடத்துக்கு ஒரு விரல் குறைந்தால் அது எதிராளிக்குப் போய்விடும் என்பதால், இருவரும் நின்று தடத்துக்காக வாதாடி வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி கடகாலில் போட்டது போக மிச்சமிருந்த சரளையையும் கொண்டுவந்து கொட்டினார். மாயக்காள் பேர் அந்தக் கூட்டத்திலும் வரவில்லை, அளக்கும்போதும் வரவில்லை. அய்யா மட்டும் இராத்திரிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடி, "பால்ச்சாமி வீட்டுக்கு ஆள் சொல்லி விட்டுட்டேன்த்தா, இப்ப தோதுப்படாதுன்னு" என்றார். அண்ணன் பக்கத்துச் சம்பந்தத்துக்கு அவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதம் வேலை நிரந்தரமாயிற்று. முதல் நாள் வளைவில் செயின் கழன்றது. இறங்கி மாட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். தடத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கல் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரம், தலை தட்டையாகக் கொத்தியது, சிவப்பு எழுத்து: 'பெண் கல்வி வளர இப்பாதை விட்டுக்கொடுத்தோர், மு. தனுஷ்கோடி, ச. ஐயாத்துரை உபயம்.'

இரண்டு தரம் வாசித்தாள். எழுத்துப் பிழை இல்லை.

சைக்கிளைக் கல்லை ஒட்டி நிறுத்தினாள். சரியான உயரம். உபயத்தின் மேல் அழுந்தக் கால் வைத்து ஏறி, பிரேயர் மணிக்குப் போனாள்.