ஒரு குரலுக்கு மட்டும் அதிர்ந்த டிரம்

கருப்பட்டி மொத்த வியாபாரி திரவியம் சாலைக் கம்போளச் சந்தையில் வாயைத் திறந்தால், நேமத்தில் ராஜபாயின் கட்டிலுக்கு அடியில் இருந்த ஸ்னேர் டிரம் தானாக அதிர்ந்தது. அதிர்வு அங்கேயே நிற்கவும் இல்லை. நடுவில் உள்ள ஆற்றையும் ரயில் பாதையையும் தாண்டி வந்து, திரவியத்தின் பேச்சின்மேல் காய்ந்த மணல் சரிவதுபோல் விழுந்து மூடியது. எதிரே நிற்பவருக்கு மணல் கேட்டது, சொல் கேட்கவில்லை. இது 1996-ல் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் யாரும் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தேங்காய் என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் அப்போது பேச்சு.

ராஜபாய் ஒரு கொப்பரை மண்டியில் டைப்பிஸ்டாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவுக்கு டிரம் வாசித்தாள். மற்ற நாட்களில் கல்யாணம், கானமேளாக் கச்சேரி, அடக்க ஆராதனை என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனாள். அவளுடைய பழைய ஸ்னேர் டிரம் சபையின் சாமான் அறையில் இருந்தது. அந்த அறையின் சாவி சபைச் செயலாளரான திரவியத்தின் இடுப்பில் மட்டுமே தொங்கியது. 1995-ல் சபையின் கன்வென்ஷன் கூட்டங்களுக்குச் சற்று முன்பு அறையைத் திறந்தபோது டிரம்மின் மேல்தோல் விளிம்பிலிருந்து விளிம்புவரை நேர்கோடாகக் கிழிந்திருந்தது. உடம்பு மிதிபட்டு நசுங்கியிருந்தது. கன்வென்ஷனில் திரவியத்தின் மகன் லிஜோ எங்கிருந்தோ இரவல் வாங்கிய டிரம்மில் வாசித்தான், எல்லாப் பாட்டையும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனின் வேகத்தில். அடுத்த ஞாயிறு அறிவிப்புகளை வாசிக்கும்போது திரவியம் மைக்கில் சொன்னார்: “டிரம்மை எலி கரண்டிட்டு. பொம்பளையாளு கையில வாத்தியத்தைக் குடுத்தா இப்பிடித்தான்.” சபை சிரித்தது. ராஜபாய் பக்கத்தில் இருந்தவளிடம், “ஸ்கேல் வச்சுக் கீறுத எலியை இப்பதான் கேள்விப்படுதேன்” என்றாள். டிரம் போனதைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்குள் ஆழமாக இறங்கியது. அதே மைக்கில், அதே ஆட்களுக்கு முன்னால், கிழித்தது நான் என்று அந்த மனிதர் சொல்ல வேண்டும். அதுவரை தனக்கு இந்த உலகத்தில் வேறு வேலை இல்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

முதலில் ஒரு டிரம் வேண்டும். கிழக்கேகோட்டையில் மாடியில் வாத்தியக் கடை வைத்திருந்த வெங்கடசுப்ரமணியன் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர், தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் டிரம் வியாபாரத்தில் இறங்கியவர். எதற்கு வாசிக்கிறேள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றாள். அப்படியானால் இரண்டு மூன்றாவது வேண்டுமே என்றார் அவர். ஒன்றுதான் வாங்க முடியும், அதுவும் நடுத்தர விலையில், என்றாள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அலமாரியிலிருந்து மூன்றை இறக்கினார். முதலாவது மெல்லிய எஃகு. அடித்தால் வெடி போட்டதுபோல் இருந்தது, கானமேளாவுக்குப் பிரமாதம். ஆனால் அடக்க ஆராதனையில் அதை வாசித்தால் பெட்டியில் இருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அதோடு அடித்தோலுக்குக் கீழே இழுத்துக் கட்டிய அதன் கம்பிகள் கீழே போகும் பஸ்ஸுக்கும், கடைக்காரரின் தும்மலுக்கும், எல்லாவற்றுக்கும் சேர்ந்து சலசலத்தன. இரண்டாவது ஆழமான மரம். நல்ல குரல், ஆனால் தெருவில் ஊர்வலம் போனால் அந்தக் குரல் இரண்டு வீட்டைத் தாண்டாது. மூன்றாவது போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் ஆட்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த பேண்டிலிருந்து வந்த பழையது, மரம்தான், நடுத்தர ஆழம். திருகுகளைத் தளர்த்தினால் ஜெபம்போல் அடங்கியது. முறுக்கினால் நாற்சந்தியே திரும்பிப் பார்க்கும்படி பேசியது. பஸ்ஸுக்கும் தும்மலுக்கும் அதன் கம்பிகள் அசையவில்லை.

ராஜபாய் எதையும் பாதியில் நம்புகிறவள் அல்ல. வேறு குரல்களுக்காவது அசையுமா என்று பார்க்க, கடையின் தொலைபேசியைக் கேட்டு வாங்கி, முதலில் ரயில்வே விசாரணைக்குப் போட்டு, வந்த குரலை டிரம்மின் அடிப்பக்கம் பிடித்தாள். சத்தம் இல்லை. வித்துராவில் தபால் ஆபீசில் வேலை பார்த்த தன் தங்கைக்குப் போட்டாள். சத்தம் இல்லை. பிறகு சாலையில் திரவியத்தின் கடைக்குப் போட்டாள். “ஹலோ, கருப்பட்டிக் கடை. ஆருடே அது? வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றது திரவியத்தின் குரல். கம்பிகள் அத்தனையும் விழித்துக்கொண்டு அதிர்ந்தன. அவர் மூச்சு வாங்கியபோது நின்றன, மறுபடி திட்டத் தொடங்கியபோது அவையும் தொடங்கின. வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒருத்தர் குரலுக்கு மட்டும் பதில் சொல்ற வாத்தியம். இதுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாதும்மா.”

“கேரண்டி வேண்டாம். இதையே கட்டுங்க” என்றாள் ராஜபாய்.

டிரம் வாசிக்கிறவர்களுக்கு ஒரு மரியாதை உண்டு. மற்றவர் பேச எழுந்ததும் டிரம்மின் பக்கவாட்டில் உள்ள லீவரை இறக்கிவிடுவார்கள். கம்பிகள் தளர்ந்து தோலைவிட்டு விலகிவிடும், பேச்சுக்கு இடைஞ்சல் இருக்காது. அடுத்த ஞாயிறு சபையில் போதகர் பிரசங்கத்துக்கு எழுந்தபோது ராஜபாய் லீவரை இறக்கினாள். பெண்கள் சங்கத்துக்காரி பேசியபோதும் இறக்கினாள். திரவியம் அறிவிப்புக்கு எழுந்தபோது ஏற்றினாள். அன்று முதல் லீவர் ஏறியே இருந்தது, வீட்டிலும், வழியிலும், தூங்கும்போதும். சபைக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று அதன் பிறகு யாருக்கும் தெரியவில்லை. கடையில் விலை கேட்டவர்கள் மணலைக் கேட்டுவிட்டு, தாங்களே ஒரு விலையை முடிவு செய்து, அதைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்கள். மெடிக்கல் காலேஜில் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, நல்ல தொண்டை என்றார்கள். அறுவடைத் திருநாளில் காணிக்கைக் காய்கறிகளை ஏலம் விடுவது இருபது வருஷமாக அவருடைய கம்பீரம். அந்த வருஷம் ஒரே பலாப்பழத்தை மூன்று பேர் எடுத்துவிட்டு மூன்று பேரும் சண்டை போட்டார்கள். நேமத்தில் ராஜபாயின் தெருக்காரர்கள் கட்டிலடிச் சத்தத்தை வைத்தே அவர் எழுந்த நேரத்தையும், மகனோடு சண்டை போட்ட நேரத்தையும் தெரிந்துகொண்டார்கள். சிலர் அதைக் கேட்டு அடுப்பு பற்ற வைத்தார்கள். ராஜபாய் அந்தச் சத்தத்தில் குழந்தையைப்போல் தூங்கினாள்.

மூன்றாம் வருஷம் திரவியத்தின் மனைவி தாசம்மாள் ஒரு பனங்கிழங்குக் கட்டோடு நேமத்துக்கு வந்தாள்.

“ராஜம், அந்த லீவரை ஒண்ணு இறக்கிரு பிள்ளே. மனுஷன் வீட்டுல உப்புன்னு கேட்டா எனக்கு ஒண்ணும் மனசிலாவல்ல.”

“எலின்னு மைக்குலதானே மைனி சொன்னாரு. கிழிச்சது நான்னு அதே மைக்குல சொல்லட்டும். அந்த நிமிஷமே இறக்குதேன்.”

“அவரு சொல்லுவாரா?”

“சொல்லாட்டா என்ன. எனக்கு நல்லா தூக்கம் வருது.”

தாசம்மாள் கிழங்கை வைத்துவிட்டுப் போனாள். ராஜபாய் அதை அவித்துத் தின்றாள்.

1999 அறுவடைத் திருநாளில், குவிந்து கிடந்த பூசணிக்காய்களுக்கும் வாழைக்குலைகளுக்கும் நடுவில், திரவியம் மைக்கைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. எல்லோரும் மணலுக்குத் தயாராக இருந்தார்கள். “ராஜபாயோட டிரம்மைக் கிழிச்சது நான்தான்” என்றார் அவர். மூன்று வருஷத்தில் முதல் முறையாக அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் மணி அடித்தாற்போல் வந்து விழுந்தது. கடைசி வரிசையில் அரைக் காது கேட்காத கிழவர்கூட, “கேட்டியா, இவன்தானாம்” என்றார். அதன் பிறகும் திரவியம் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். வருத்தப்படுகிறேன் என்றோ மன்னிக்க வேண்டும் என்றோ இருக்கலாம். அது முழுக்க மணல். எல்லோரும் ராஜபாயைப் பார்த்தார்கள். வாக்குத் தவறாதவள் என்பதால் அவள் குனிந்து லீவரை இறக்கினாள். கம்பிகள் தோலைவிட்டு நன்றாக விலகித் தொங்கின. தொங்கியபடியே அதிர்ந்தன. போதகர் வந்து பார்த்தார். ராஜபாய் டிரம் திருகுகளைக் கழற்றும் சாவியை எடுத்துக் கம்பிகளையே கழற்றி போதகரின் உள்ளங்கையில் வைத்தாள். திரவியம் ஏதோ கேட்டார். கம்பிகள் போதகரின் கையில் அதிர்ந்தன. “இனி இதுல நான் செய்ய ஒண்ணும் இல்ல ஐயரே” என்று போதகரிடம் சொல்லிவிட்டு, அவற்றைத் திரும்ப வாங்கி மாட்டினாள். அவளுக்குத் துக்கம் ஒன்றும் வரவில்லை. அன்று இரண்டு பூசணிக்காய் ஏலம் எடுத்தாள், விலையை விரலால் காட்டி.

திரவியத்துக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் மிஞ்சியது. அதை எத்தனை முறை சொன்னாலும் மணல் விழவில்லை, வேறு எதைச் சொன்னாலும் விழுந்தது. ஆகவே தம்பானூரில் பஸ்ஸை நிறுத்த அவர் அதைத்தான் கூவினார். டீக்கடையில் அதைச் சொன்னால் சீனி குறைத்து ஒரு டீ வந்தது. காய்ச்சலில் படுத்தபோது அதைச் சொல்லித்தான் தண்ணீர் கேட்டார். தொலைபேசியை எடுத்தவுடன் அதைச் சொன்னார். மறுமுனையில் இருப்பவர்கள், கருப்பட்டிக் கடைதானே, ரெண்டு சிப்பம் அனுப்புங்க என்றார்கள். ராஜபாய் யார், டிரம் என்ன ஆயிற்று என்று தெரியாத மலையாளிகள்கூட அதைக் கேட்டதும் வழி விட்டார்கள்.

2005-ல் கல்ஃபிலிருந்து வந்த மகன் லிஜோவுக்கும் ரெஷ்மா என்ற பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. வாசிக்க ராஜபாயைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். எல்லா வகைப் பாட்டுக்கும் ஒரே டிரம்மில் வாசிக்க அந்தப் பக்கம் வேறு ஆள் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பன் ஆசீர்வதிக்கும் நேரம் வந்தது. திரவியம் முன்னால் போய், இரு கைகளையும் பிள்ளைகளின் தலைமேல் வைத்து, “ராஜபாயோட டிரம்மைக் கிழிச்சது நான்தான்” என்றார். ரெஷ்மா முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். சபை முழுவதும் ஆமென் என்றது. ராஜபாய் குச்சிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள்.